நாப்பத்தேழாவது பில்லர்

வேன் போயிடுச்சு. சிக்னல்ல நின்னு, எடது பக்கம் திரும்பி, போயே போயிடுச்சு. இனிமே நான் எந்திரிச்சா யாருக்கும் தெரியப் போறதில்ல. ஆனா எந்திரிக்கல. என் பேரு அமலோற்பவம், வயசு நாப்பத்தொண்ணு, ரோட்டோரமா இருக்கற மனநோயாளிங்களுக்காக நடத்தற ஒரு தொண்டு நிறுவனத்துல பதிமூணு வருஷமா கேஸ் மேனேஜர், கழுத்துல அடையாள அட்டை தொங்குது, புத்தி நல்லாத்தான் இருக்கு, மத்தியானம் ரெண்டே கால் மணிக்கு மெட்ரோ பாலத்தோட நாப்பத்தேழாவது பில்லர்ல முதுக ஒட்டி வெச்சு, விரிச்சுப் போட்ட அட்டைப்பெட்டி மேல காலை நீட்டி உக்காந்திருக்கேன். எதுக்குன்னு யாராவது கேட்டா என்ன சொல்றது. பாலத்தைப் புடிச்சுக்கிட்டிருக்கேன்னா சொல்ல முடியும். பல வருஷமா இந்த எடத்துலயே உக்காந்திருக்கற செண்பகம்மா அப்படித்தான் நம்பறாங்க, எதிர்ல இட்லி விக்கிற அக்கா கிட்ட சொல்லியிருக்காங்க. தன் முதுகு இங்க இல்லேன்னா பாலம் எறங்கிடும், மேல போற ரயிலு, அதுல இருக்கற ஜனம், காலேஜுப் பிள்ளைங்க, கைக்குழந்தைக்காரிங்க, எல்லாம் அப்படியே வந்து ரோட்டுல விழும். அதனால எந்திரிக்க மாட்டாங்க. தூங்கறதும் சாப்பிடறதும் ஒட்டியே, மத்ததுக்கு அந்தப் பக்கம் சுத்திப் போனாலும் ஒரு கை பில்லர விடாது. எங்க வேலையில ஒரு விதி உண்டு, ட்ரெயினிங்ல மொத நாளே சொல்லிடுவாங்க. அவங்க நம்பறத மறுத்துப் பேசாதே, ஒத்துக்கவும் ஒத்துக்காதே, நடுவுல நில்லு. உங்களுக்கு அப்படித் தோணுது, அது ரொம்பக் கஷ்டமா இருக்கும் இல்லம்மா, இப்படிப் பேசணும். புதுசா வர்றவங்களுக்கு அதைச் சொல்லிக் கொடுக்கறவளே நான்தான். அந்த நான்தான் இன்னிக்கு, நீங்க போங்கம்மா, நான் புடிச்சுக்கறேன்னு சொன்னேன். வேலியில போன ஓணான எடுத்து மடியில விட்டுக்கிட்ட கதை.

வேற என்ன பண்றது, சொல்லுங்க. வலது கால் புண்ணுல புழு. ஃபோட்டோவப் பார்த்த டாக்டர், இன்னிக்கே சுத்தம் பண்ணலேன்னா கணுக்காலோட எடுத்துடணும், ரத்தத்துல ஏறிடுச்சுன்னா அப்புறம் காலைப் பத்திப் பேச ஆளே இருக்காதுன்னுட்டார். கட்டி இழுத்துட்டுப் போறதுல எனக்கு எப்பவும் சம்மதம் கிடையாது. இழுத்துட்டுப் போனவங்க திரும்பி ரோட்டுக்கு வந்தா, அதுக்கப்புறம் நம்ம நிழலைப் பார்த்தாலே ஓடுவாங்க. அதனால கேட்டேன், கெஞ்சினேன், காலைலேர்ந்து ரெண்டு மணி வரைக்கும் கெஞ்சினேன். கடைசியில சொல்லக் கூடாததைச் சொன்னேன். அவங்க ரொம்ப நேரம் என்னையே பார்த்தாங்க. சந்தோஷமே இல்ல அந்தப் பார்வையில. பாவம்ங்கற மாதிரி ஒரு பார்வை. அப்புறம் கொஞ்சம் நகர்ந்து எடம் விட்டாங்க. அந்த மாத்திக்கிட்ட விதம் இருக்கே, அதை நெனைச்சா இப்பவும் தோள்பட்டை சிலிர்க்குது. அவங்க முதுகு அங்குலம் அங்குலமா வெலக, என் முதுகு அங்குலம் அங்குலமா உள்ள போக, நடுவுல ஒரு இழை கூட எடைவெளி விடாம, ரெண்டு பேர் தோளும் உரசிக்கிட்டு, அவங்க சட்டைச் சூடு என் மேல பட்டு, முழுசா நான் சாஞ்சதும்தான் அவங்க கடைசியா கைய எடுத்தாங்க. நம்ம வேன் டிரைவர் இஸ்மாயில் பாயும் நர்ஸ் தேன்மொழியும் ஆளுக்கொரு பக்கம் தாங்கிப் புடிச்சு ஏத்தினாங்க. நாலு மணிக்குள்ள வந்துடறேன் மேடம், நீங்க பக்கத்துக் கடையில டீ குடிச்சுட்டு உக்காருங்கன்னாரு பாய். சரி பாய்னேன்.

டீ. அந்த வார்த்தைதான் என்னை இங்க ஆணி அடிச்சு வெச்சிருக்கு. நாலு வருஷத்துக்கு முன்னாடி பாக்கியநாதன்னு ஒருத்தர். மார்க்கெட்டுக்குப் பின்னாடி மூணு மூட்டைய வெச்சுக்கிட்டு எட்டு வருஷம் இருந்தாரு. ஒரு ஊசி போட்டுட்டு வந்துடலாம் ஐயா, மூட்டைய நான் பார்த்துக்கறேன்னு சொல்லி அனுப்பினேன். அனுப்பிட்டு டீ குடிக்கப் போனேன். பத்து நிமிஷம், ஒரு வடை கூட. குப்பை வண்டி வந்து மூணையும் அள்ளிட்டுப் போயிடுச்சு. அவர் திரும்பி வந்து அந்தக் காலி எடத்தைப் பார்த்துக்கிட்டு நின்னாரு. திட்டியிருக்கலாம், ஒரு கல்லைத் தூக்கி எறிஞ்சிருக்கலாம். ஒண்ணும் பண்ணல. என்னைப் பார்த்துத் தலைய ஆட்டிட்டு ரோட்டைக் கடந்து போனாரு. அவ்வளவுதான். நாலு வருஷமா தேடறோம். இன்னிக்கும் எங்கயாவது அழுக்கு வேட்டியப் பார்த்தா கிட்டப் போய் மூஞ்சியப் பார்த்துட்டுத்தான் நகருவேன். அதனால இன்னிக்கு டீ கிடையாது, அமலா. செண்பகம்மா ஆஸ்பத்திரியில படுத்து, காலைச் சுத்தம் பண்ணி முடிச்சாங்கன்னு தேன்மொழி சொல்ற வரைக்கும் இங்க உக்காரணும். இது நம்பிக்கை வெச்ச விஷயம், பாலத்து விஷயம் இல்ல. ஆமா. இல்ல. பாலத்து விஷயம் இல்லவே இல்ல.

வருது. மொதல்ல சத்தம் வராது, முதுகுலதான் வரும், மாவு மில்லு சுவத்துல சாஞ்சா எலும்புக்குள்ள கிர்ர்னு ஏறுமே அது மாதிரி. அப்புறம் மேல ஒரு பெருமூச்சு. அப்புறம் ஒண்ணும் இல்ல. ஏழு நிமிஷத்துக்கு ஒண்ணு. மொத ரயிலுக்கு நான் சும்மா உக்காந்திருந்தேன். ரெண்டாவதுக்கும் சும்மாதான். மூணாவது வந்தப்ப பார்த்தா குதிகாலைத் தரையில ஊணியிருக்கேன். யாரு ஊணச் சொன்னா. காலைத் தளர்த்தி விட்டேன். நாலாவதுக்கு மறுபடியும் ஊணியிருக்கு. எங்கப்பா வாசக்கதவப் பூட்டிட்டு மூணு தடவ இழுத்துப் பார்ப்பாரு. தெருமுனை வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்து இன்னும் மூணு தடவ. கடைசிக் காலத்துல ராத்திரி பூரா இழுத்துக்கிட்டே இருந்தாரு, உள்ளங்கை தோலுரிஞ்சு போச்சு. அப்ப அதுக்கு ஒரு பேரு இருக்குன்னு எங்க யாருக்கும் தெரியாது. நான் ஒரு தடவதான் இழுப்பேன். ஒரே ஒரு தடவ, வேணும்னே, எண்ணிக்கிட்டு. இன்னிக்குக் காலையில எத்தனை தடவ இழுத்தேன்? ஞாபகம் இல்லயே.

வெய்யில் பில்லரோட அந்தப் பக்கம் இருக்கு, இங்க நெழலு, ஆனா காங்க்ரீட்டு சுடுது. இத்தனை நாள் நான் எதிர்ப் பிளாட்பாரத்துலதான் உக்காருவேன். அதுதான் முறை. தெனமும் ஒரே நேரம், ஒரே எடம், ஒரு கேள்வியும் கேக்காம உக்காந்துட்டு எந்திரிச்சுப் போயிடணும். மூணாவது வாரம் ரெண்டடி கிட்ட, அஞ்சாவது வாரம் இன்னும் ரெண்டடி. ஆறு வாரத்துல அவங்க எங்கிட்ட பேசினது ஒரே வார்த்தை. நான் கொஞ்சம் கிட்ட வந்து, கால் கடுக்குதேன்னு பில்லர் பக்கம் கைய நீட்டினா போதும், 'சாயாத'ம்பாங்க. பல்லைக் கடிச்சுக்கிட்டு, கண்ணை உருட்டி, 'சாயாத நீ.' ஒரு தடவ என் முட்டியில ஒரு அடி கூட வெச்சாங்க. பேரு சொல்லாததால நான்தான் செண்பகம்னு ஃபைல்ல எழுதினேன், வாயில வந்த பேரு. அதே ஃபைல்ல, அந்த அடிக்கு மறுநாள், விரோத மனப்பான்மை, தன் எடத்துல யாரையும் அண்ட விட மாட்டார்னு எழுதினேன். அடிக்கோடு வேற போட்டேன். மேல் அதிகாரி படிச்சுட்டு ஜாக்கிரதைன்னு ஓரத்துல எழுதியிருந்தாரு.

இங்கேர்ந்து பார்த்தா ரோடு வேற மாதிரி இருக்கு. மனுஷங்க எல்லாரும் முட்டியும் செருப்புமாத்தான் வர்றாங்க. மூஞ்சி எங்கயோ மேல இருக்கு. ஒரு பொண்ணு கையில புடிச்ச குழந்தைய அந்தப் பக்கம் மாத்திக்கிட்டுப் போனா. நானும் இப்படித்தானே மாத்தியிருப்பேன், இந்த வேலைக்கு வர்றதுக்கு முன்னாடி. அடையாள அட்டைய வெளிய எடுத்துப் போட்டுக்கிட்டேன், எல்லாருக்கும் தெரியற மாதிரி. தெரிஞ்சு என்ன. யாரு குனிஞ்சு படிக்கப் போறா. அப்புறம்தான் ரோசாரி அக்காவப் பார்த்தேன். எங்க மேல் வீடு, பதினோரு வருஷப் பழக்கம், ஞாயித்துக்கிழமை கோயிலுக்கு ஒண்ணாத்தான் போவோம், போன வாரம் கூட எங்க வீட்டுல கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டாங்க. ஜவுளிக்கடைப் பையோட நேரா என்னைப் பார்த்து வந்தாங்க. நான் சிரிச்சேன். அவங்க கண்ணு என் மேல வந்துச்சு, நின்னுச்சு, வழுக்கிப் போயிடுச்சு. தெரியாத மாதிரி நடிக்கிறவங்கள எனக்குத் தெரியும், அது கன்னத்துல தெரிஞ்சுடும். இது நடிப்பு இல்ல. அந்த அக்காவுக்கு இங்க ஒரு ஆளு இருக்கறதே தெரியல. கூப்பிட வாயத் தொறந்தேன். அந்த நேரம் பார்த்து முதுகுல அந்தக் கிர்ர். வாய மூடிக்கிட்டேன், குதிகாலை ஊணினேன். ரயிலு போனதுக்கப்புறம் பார்த்தா அக்கா இல்ல. சே, அவங்களுக்குக் கண்ணாடி மாத்தணும்னு சொல்லிக்கிட்டே இருக்காங்க, அதுதான்.

மூணு மணி இருக்கும், எல்லம்மா அக்கா வந்தாங்க. எதிர்ப் பிளாட்பாரத்துல இட்லி தள்ளுவண்டி அவங்களோடது. செண்பகம்மாவுக்குப் பல வருஷமா சோறு தண்ணி எல்லாம் அவங்கதான். இன்னாம்மா, நீயே குந்திக்கினியேன்னு சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன், வெவரம் சொன்னேன். அக்காவுக்குச் சிரிப்பு கொறைஞ்சுது. வண்டிய விட்டுட்டு வந்ததால நின்னுக்கிட்டேதான் பேசினாங்க, புடவை முந்தானையில கைய தொடைச்சுக்கிட்டே. இந்த பில்லரு போட்ட புதுசுல இங்க வேற ஒரு அம்மா இருந்துச்சாம், மொட்டைத் தலை, எப்பவும் முணுமுணுன்னு எதையாவது எண்ணிக்கிட்டே இருக்குமாம். இப்ப இருக்கறாங்களே செண்பகம்மா, அவங்க அப்ப தெனமும் சாயங்காலம் ஆபீஸ் விட்டுப் போறப்ப அந்த அம்மாவுக்கு பிஸ்கட்டு வாங்கிக் குடுத்துட்டுப் போவாங்களாம். கஞ்சி போட்ட காட்டன் பொடவை, தோள்ல பையி. கொஞ்ச நேரம் பக்கத்துல நின்னு பேசுவாங்களாம். ஒருநா மழை. மறுநா காலையில வந்து பார்த்தா அந்த மொட்டை அம்மா இல்ல, இவங்க குந்திக்கினு இருந்தாங்களாம், அதே பொடவையோட, நனைஞ்சு. வூட்டுக்குப் போம்மான்னு எல்லம்மா அக்கா சொன்னதுக்கு, அந்தம்மா ஒரு டீ குடிச்சுட்டு வந்துரும், வந்ததும் போறேன்னாங்களாம். "இந்தம்மா கழுத்துல உன்னாட்டமே ஒரு பட்டை போட்டுக்கினு இருந்துச்சு, அதான் எனக்கு இன்னும் கண்ணுலயே நிக்குது"ன்னு சொல்லிட்டு, வண்டியில யாரோ கூப்பிட்டதும் ஓடிட்டாங்க.

பட்டை. செண்பகம்மாவோட மூட்டை என் பக்கத்துலயே இருக்கு. அதை ஒரு நாடாவால கட்டியிருப்பாங்க, நெறம் போன நீல நாடா, ஃபைல்ல நான் பொருட்கள் பட்டியல்ல எழுதியிருக்கேன், துணிமூட்டை ஒண்ணு, நாடாவால் கட்டியது. இப்பக் கைய நீட்டித் திருப்பிப் பார்த்தேன். நுனியில அட்டை மாட்டற கொக்கி. துருப்புடிச்சிருக்கு. என் கழுத்துல இருக்கறதைத் தொட்டுப் பார்த்தேன், அதே மாதிரிக் கொக்கிதான், ஊர்ல இருக்கற எல்லா ஆபீஸ்லயும் இதே கொக்கிதான், ஒரே கடையில வாங்கறாங்க போல. அமலா, நிதானமா இரு. வியாதி இப்படித்தான் ஆரம்பிக்கும், உனக்குத் தெரியாததா. அவங்களுக்கு முன்னாடியே உள்ளுக்குள்ள இருந்திருக்கும், அதனாலதான் அந்த மொட்டை அம்மா கிட்ட போய்ப் போய் நின்னிருக்காங்க, அதுதான் அவங்களை இழுத்திருக்கு. சரி. அப்ப என்னை எது இழுத்துச்சு? பதிமூணு வருஷம் கம்பெனி வேலை, ஸ்கூல் வேலை எதுக்கும் போகாம, தெருத் தெருவா இவங்க பக்கத்துல போய் உக்காந்துக்கிட்டே இருந்தேனே, என்னை எது?

பயம்தான். மறைச்சு என்ன ஆகப் போகுது. பயம் வந்தா ஒரே மருந்து, எது பயமோ அதைச் செஞ்சு பார்க்கறது, நானே நூறு பேருக்குச் சொல்லியிருக்கேன். எந்திரி. எந்திரிச்சு ஒரே ஒரு ரயிலு போற வரைக்கும் தள்ளி நில்லு. ஒண்ணும் ஆகாது. ஆகாதுன்னு ஒடம்புக்குத் தெரியட்டும். மூட்டையத் தள்ளி வெச்சுட்டு, ரெண்டு கையையும் ஊணி எந்திரிச்சேன். முதுகு பில்லர விட்டப்ப ஈரச் சட்டை பிரியற சத்தம் கேட்டுச்சு. ரெண்டடி தள்ளி நின்னு செல்போன்ல மணி பார்த்தேன், மூணு இருபத்திரெண்டு. ரோட்டுல பஸ்ஸு, ஆட்டோ, மோர் விக்கிறவன், எல்லாம் அது அது பாட்டுக்கு. தலைக்கு மேல அந்தப் பெருமூச்சு வந்துச்சு. அண்ணாந்து பார்த்தேன். பாலத்தோட அடிப்பக்கம், சாம்பல் கலர், ஒரு ஓரமா தண்ணி ஒழுகின கறை. அது எறங்கலன்னு என் கண்ணு சொல்லுது. அவ்வளவு கிட்டத்துல அது எப்பவும் இருந்துச்சான்னு கேட்டா, எனக்குச் சொல்லத் தெரியல. ரயிலு போச்சு. ஒண்ணும் ஆகல. பார்த்தியா, ஒண்ணும் ஆகல. அப்ப ஃபோன் அடிச்சுது.

தேன்மொழி. மூச்சு வாங்க வாங்கப் பேசினா. இது வரைக்கும் நல்லாத்தான் இருந்தாங்க மேடம், படுத்துட்டாங்க, காலைக் கூட நீட்டிட்டாங்க, டாக்டர் ஊசிய எடுத்தாரு, திடீர்னு எந்திரிச்சு உக்காந்து கத்தறாங்க மேடம், சுவத்துல ரெண்டு கையையும் குடுத்துக்கிட்டு, அவ விட்டுட்டா, விட்டுட்டான்னு. யாரையும் கிட்ட சேர்க்கல. காலைத் தொட விடல. டாக்டர் இன்னும் பத்து நிமிஷம்தான் பார்ப்பேங்கறாரு. எப்ப எந்திரிச்சாங்கன்னு கேட்டேன். இப்பத்தான் மேடம், ரெண்டு நிமிஷம் இருக்கும், மூணு இருபது, இருபத்தஞ்சு. இருபத்திரெண்டான்னு கேக்க வாய் வந்துச்சு, கேக்கல. எந்த எதிரொலியோ, எந்தக் கதவு சாத்தின சத்தமோ அவங்களைக் கெளப்பி விட்டிருக்கும், ஊசியப் பார்த்துப் பயந்திருப்பாங்க, ஊசியப் பார்த்தா யாருதான் பயப்பட மாட்டாங்க. இதையெல்லாம் நெனைச்சுக்கிட்டே இருக்கேன், ஆனா நான் எப்பவோ உக்காந்துட்டேன், முதுகு எப்பவோ ஒட்டிடுச்சு. ஃபோனை அவங்க காதுல வெய் தேன்மொழின்னேன்.

மூச்சுதான் கேட்டுச்சு மொதல்ல. செண்பகம்மா, நான் இங்கதான் இருக்கேன்னேன். அப்புறம், கத்தின தொண்டையில, ரொம்ப மெதுவா, "பாரமா இருக்கா?"ன்னு கேட்டாங்க.

விதி என்ன. மறுக்காதே, ஒத்துக்காதே. உங்களுக்கு அப்படித் தோணுதும்மா. அந்த வாக்கியம் வாயில ரெடியா இருக்கு, பதிமூணு வருஷமா ரெடியா இருக்கு. பொய்யாவே, இருக்கும்மான்னு சொல்லிடலாம், ஒரு காலைக் காப்பாத்த ஒரு பொய், ஆண்டவர் மன்னிப்பாரு. ஆனா அந்த நேரம் எனக்குப் பொய்யே தேவைப்படல. தோள்பட்டையிலேர்ந்து இடுப்பு வரைக்கும், நெல்லு மூட்டைய யாரோ மெள்ள எறக்கி வெக்கற மாதிரி. அது எப்ப ஆரம்பிச்சுதுன்னு தெரியல. "இருக்கும்மா. ரொம்பப் பாரமா இருக்கு"ன்னேன்.

அந்தப் பக்கம் செண்பகம்மா அழுதாங்க. ஆறு வாரத்துல அவங்க அழுது நான் பார்த்ததில்ல, புழு நெளியற காலோட ஒரு சொட்டு விட்டதில்ல. "நான்தான் சொன்னேன்ல"ன்னாங்க. "எத்தனை நாளு சொன்னேன் உனக்கு." அவ்வளவுதான். தேன்மொழி ஃபோனை வாங்கிட்டா, படுத்துட்டாங்க மேடம், தானாவே படுத்துட்டாங்கன்னா. நான் ஃபைல்ல போட்ட அடிக்கோட நெனைச்சுக்கிட்டிருந்தேன். விரோத மனப்பான்மை. முட்டியில அடிச்சது, கண்ணை உருட்டினது, பல்லைக் கடிச்சது எல்லாம். என்னைத் தொரத்தித் தொரத்திக் காப்பாத்தியிருக்காங்க. அந்த மொட்டை அம்மா அவங்களுக்கு அதைச் செய்யல. எனக்கு அவங்க செஞ்சாங்க. நான் அதுக்கு ஒரு பேரு வெச்சு, தேதி போட்டு, கையெழுத்துப் போட்டேன்.

மறுபடி ஃபோன் வந்தப்ப நாலு மணி ஆயிடுச்சு. கால் தப்பிச்சுது மேடம், கணுக்கால் வரைக்கும் சுத்தம் பண்ணிட்டாங்க, தூங்கறாங்க, எத்தனை வருஷம் கழிச்சு மல்லாக்கப் படுத்துத் தூங்கறாங்களோன்னு தேன்மொழி சந்தோஷமாச் சொன்னா. எனக்கும் சந்தோஷம். நெஜமாவே சந்தோஷம், கண்ணுல தண்ணி வந்துடுச்சு. பாய் கெளம்பிட்டாரு, நீங்க ரெடியா இருங்க மேடம்னா. சரின்னேன். வாக்குக் குடுத்த வேலை முடிஞ்சுது. அமலா, எந்திரி. அடுத்த ரயிலு போகட்டும், எந்திரிக்கலாம். போச்சு. அதுக்கு அடுத்தது போகட்டும். அவங்க இப்பத்தான் கண்ணசந்திருக்காங்க, நான் இப்ப எந்திரிச்சு, அவங்க மறுபடி முழிச்சுக் கத்தினா என்ன பண்றது, கட்டு இப்பத்தான் போட்டிருக்காங்க. நியாயமான காரணம்தான். ஒவ்வொரு தடவயும் நியாயமான காரணமாத்தான் வருது, எங்கப்பா கூட திருடன் வருவான்னுதான் இழுத்தாரு.

எல்லம்மா அக்கா ஒரு கையில டீ கிளாஸோட ரோட்டைத் தாண்டி வந்தாங்க. கால் நல்லா ஆயிடுச்சான்னு கேட்டாங்க, ஆயிடுச்சுக்கான்னேன். அப்ப எந்திரியேன், எம்மாம் நேரம் குந்திக்கினு கீற, வேர்த்து ஊத்துது பாருன்னாங்க. எந்திரிக்கறேன்க்கான்னேன். எந்திரிக்கல. அவங்க என்னை ஒரு மாதிரி பார்த்தாங்க. அப்புறம், மனசு எளகின பொம்பளை அவங்க, "அந்தம்மாவுக்குத் தெரியவா போவுது. வேணும்னா நான் ஒரு நிமிசம் சாஞ்சுக்கறேன், நீ போய் மூஞ்சி கழுவிக்கினு வா"ன்னு சிரிச்சுக்கிட்டே, நாள் பூரா நின்ன இடுப்பைப் புடிச்சுக்கிட்டு, என் தோளுக்குப் பக்கத்துல கைய நீட்டினாங்க.

எவ்வளவு சுலபம். ஒரு அங்குலம் நகர்ந்தா போதும், தோளு தோள உரசி. என் ஒடம்பு அதைத் தெரிஞ்சு வெச்சிருக்கு, நகர ஆரம்பிச்சுட்டுது கூட. முதுகுல அந்தக் கிர்ர் ஏறுது. அவங்க உள்ளங்கை காங்க்ரீட்டுக்கு நாலு வெரக்கடை தள்ளி.

"சாயாத."

யாரு சொன்னதுன்னு நானே திரும்பிப் பார்த்தேன். பல்லு கடிச்சிருந்துச்சு. என் கை அவங்க மணிக்கட்டைத் தட்டி விட்டிருந்துச்சு, டீ பாதி சிந்தி அட்டைப்பெட்டியில ஓடுது. "சாயாத நீ."

எல்லம்மா அக்கா மணிக்கட்டைத் தேய்ச்சுக்கிட்டே ரெண்டடி பின்னாடி போனாங்க. அப்புறம் குனிஞ்சு, மிச்ச டீயை என் கை எட்டற தூரத்துல, செண்பகம்மாவுக்கு எப்பவும் வெப்பாங்களே அந்த எடத்துல, சத்தம் வராம வெச்சுட்டுப் போனாங்க.